கேட்டைத் திறந்தது யார்?

குவென்டாவின் பண்ணையில் கூடாரம் போட வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான்.

"கேட் மூடியிருந்தா மூடிட்டுப் போ. திறந்திருந்தா திறந்தபடியே விட்டுட்டுப் போ. இதுல தப்பு பண்ணினா எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தா என் நாய்ங்களே ஓடி ஒளிஞ்சுக்கும்!"

பத்து வயது பிரைனி இதை ஐந்து வருடங்களாகக் கேட்டு வருகிறாள். ஒவ்வொரு செப்டம்பர் விடுமுறைக்கும் அப்பா, அம்மா, ஆகி என்ற ஆறு வயதுத் தம்பி, அவள் என நால்வரும் மெல்பர்னிலிருந்து மூன்று மணி நேரம் காரில் வந்து குவென்டாவின் ஆட்டுப் பண்ணையில் கூடாரம் போடுவார்கள். எப்போதும் ஒரே இடத்தில்தான். ஆறு வளையும் இடத்தில், பெரிய யூக்கலிப்டஸ் மரத்தடியில்.

இந்த வருடம் அந்த மரத்தடியில் ஒரு பழைய வேன் நின்றிருந்தது. வெள்ளை வேன். அதன் ஒரு கதவு மட்டும் பச்சை.

"அது நம்ம இடம்!" என்றாள் பிரைனி, காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே.

"மரத்துல நம்ம பேரா எழுதியிருக்கு? முதல்ல வந்தவங்க எடுத்துக்கிட்டாங்க," என்றார் அப்பா.

வேனில் கார்ல் என்ற தாடிக்காரரும் அவருடைய மகள் ஜூனியும் தங்கியிருந்தார்கள். ஜூனிக்குப் பதினொரு வயது. குளிர் நடுக்குகிற காலையிலும் செருப்பில்லாமல் நடப்பாள். ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்வாள். எல்லோரும் எழுவதற்கு முன்பே எழுந்து பண்ணை முழுவதும் தனியாகச் சுற்றி வருவாள்.

"அந்தப் பொண்ணு எதையோ மறைக்கிறா. எப்பப் பார்த்தாலும் தனியாவே சுத்தறா," என்றாள் பிரைனி.

"சில பேருக்குத் தனியா நடக்கத்தான் பிடிக்கும்," என்றாள் அம்மா.

"யாருக்கு?"

"உன்னோட மூணு மணி நேரம் கார்ல வந்தவங்க எல்லாருக்கும்."

ஆகி விழுந்து விழுந்து சிரித்தான். பிரைனி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பண்ணையில் பெரிய வேலை நடந்தது. வியாழக்கிழமை கம்பளி கத்தரிக்கிறவர்கள் வரப்போகிறார்கள். அதற்கு முன்னால் குட்டிகளைத் தாய் ஆடுகளிடமிருந்து பிரிக்க வேண்டும். குவென்டாவும் அவருடைய இரண்டு நாய்களும் நாள் முழுக்க ஓடி ஓடிப் பிரித்தார்கள். தாய் ஆடுகள் மேட்டுப் புல்வெளிக்கு. குட்டிகள் பள்ளத்துப் புல்வெளிக்கு. வருடம் முழுக்கத் திறந்தே கிடக்கும் நடுக் கேட்டை அன்று மூடி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டினார் குவென்டா.

பள்ளத்தில் குட்டிகளோடு பிஷப் என்ற கிழட்டுக் குதிரையும் இருந்தது. அது ஒரு மூலையில் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. குட்டிகள் எத்தனை கத்தியும் அதற்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

மேட்டிலிருந்து "ம்மே!" என்று தாய்கள் கூப்பிட்டன. பள்ளத்திலிருந்து "ம்ம்மே!" என்று குட்டிகள் அழுதன.

ஜூனி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாவம். அம்மாகிட்டயே விட்டா என்னவாம்?" என்று தன் அப்பாவிடம் சொன்னாள்.

பிரைனி அதைக் கேட்டாள். மனதில் குறித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பும்போது இன்னொன்றையும் பார்த்தாள். ஜூனி நடுக் கேட்டருகே நின்றிருந்தாள். அவளுடைய கை சங்கிலியின் மேல் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர்களை எழுப்பியது குவென்டாவின் குரல்தான். ஆடுகளின் சத்தம் எதுவும் இல்லை. பண்ணையே அமைதியாக இருந்தது. அதுதான் விபரீதம்.

நடுக் கேட் அகலத் திறந்து கிடந்தது. குட்டிகள் எல்லாம் மேட்டுப் புல்வெளியில் தங்கள் தாய்களோடு ஒட்டிக்கொண்டு, வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"யாரு?" என்று கேட்டார் குவென்டா. உரக்கக்கூடக் கேட்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் ஆகியைப் பார்த்தார்கள்.

"நான் இல்ல! எனக்கு அந்தக் கொக்கி எட்டாது! போன வருஷமே முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்!" என்று கத்தினான் ஆகி.

மரத்தடியும் பச்சைக் கதவு வேனும் பிரைனியின் கண்ணில் பட்டன.

"ஜூனிதான் திறந்தா. நான் பார்த்தேன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, தான் பார்த்ததற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டோம் என்று. ஆனால் வாயை விட்டுப் போன வார்த்தையை எப்படிப் பிடித்து இழுப்பது?

கார்ல் மகள் பக்கம் திரும்பினார். "ஜூனி, நீ திறந்தியா?"

"இல்லப்பா."

"சரி," என்றார் கார்ல். குவென்டாவிடம், "அவ திறக்கலையாம்," என்றார்.

குவென்டா இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தி பார்த்தேங்கிறா. ஒருத்தி இல்லேங்கிறா. எனக்குக் கோர்ட்டு நடத்த நேரமில்ல. எல்லாரும் வாங்க, திரும்பப் பிரிக்கணும்."

மத்தியானம் வரை வேலை வாங்கியது. அப்பா இரண்டு முறை சேற்றில் விழுந்தார். கார்ல் ஒரு குட்டியைத் தூக்க, அது அவருடைய தாடியை மென்றது. ஜூனி மட்டும் யாரோடும் பேசாமல் வேகமாக வேலை செய்தாள். கடைசியில் குவென்டா தன் கையாலேயே சங்கிலியை மாட்டி, இழுத்தும் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பிரைனி எல்லோருக்கும் முன்னால் எழுந்து நடுக் கேட்டுக்கு ஓடினாள்.

மறுபடியும் திறந்திருந்தது.

சங்கிலி காற்றில் தொங்கியது. அதை எடுத்துப் பார்த்தாள். "சீச்சீ!" என்று உடனே விட்டுவிட்டாள். சங்கிலியின் நுனி கொழகொழவென்று ஈரமாக இருந்தது. பச்சையாக எதுவோ ஒட்டியிருந்தது. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

இந்த முறை குவென்டா யாரையும் விசாரிக்கவில்லை. நேராக வேனுக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கார்ல், நாளைக் கழிச்சு கம்பளிக்காரங்க வராங்க. ஆடு தயாரா இல்லேன்னா அடுத்த பண்ணைக்குப் போயிடுவாங்க. அப்புறம் ஒரு மாசம் ஆகும். எனக்கு வேற வழி தெரியல."

"நாங்க போகணும்னு சொல்றீங்க."

குவென்டா தொப்பியைச் சுழற்றினார்.

"என் பொண்ணு இல்லேன்னு சொன்னா இல்லதான்," என்றார் கார்ல் அமைதியாக. "ஆனா இது உங்க பண்ணை. துணியெல்லாம் துவைச்சுக் காயப் போட்டிருக்கோம். காய்ஞ்சதும் நாளைக்குக் காலைல கிளம்பிடறோம்."

மரத்தடி காலியாகப் போகிறது. பிரைனிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லோரும் சேர்ந்து ஆடுகளை மறுபடியும் பிரித்து முடித்த பிறகு, மத்தியானம் அம்மா சுட்டுத் தந்த தொத்திறைச்சி அவள் தட்டிலேயே ஆறியது.

"ஆகி, ஒரு ஆள் சங்கிலிய எதுக்கு நக்குவாங்க?" என்று கேட்டாள்.

ஆகி யோசித்தான். "நான் ஒரு தடவை கார் கண்ணாடிய நக்கியிருக்கேன். உப்பா இருந்துச்சு."

"விளையாடாத. அந்தச் சங்கிலி முழுக்க எச்சில். பச்சைப் பச்சையா."

"அப்ப அந்த ஆளு புல்லு திங்கிற ஆளு," என்றான் ஆகி. அவளுடைய தொத்திறைச்சியையும் எடுத்துக்கொண்டான்.

பிரைனி எழுந்தாள். கால்கள் அவளை வேனை நோக்கிக் கொண்டுபோயின. பாதி வழியில் திரும்பிவிடலாம் என்றிருந்தது. ஜூனியே திறந்தவளாக இருந்தால் எவ்வளவு வசதி! அப்படி இல்லாவிட்டால் என்ன செய்வது?

ஜூனி கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சங்கிலியில கை வெச்சிருந்தியே, எதுக்கு?" என்று கேட்டாள் பிரைனி.

"சரியா மாட்டியிருக்கான்னு பார்த்தேன்."

"அதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"யாரு கேட்டாங்க? திறந்தியான்னு கேட்டாங்க. இல்லேன்னேன்." ஜூனி ஒரு சட்டையை உதறினாள். "நீ ஒண்ணு சொல்லு. நேத்தும் இன்னிக்கும் நீயே திறந்துட்டு, பழிய என் மேல போட்டியா?"

"நானா? நான் எதுக்குத் திறக்கணும்?"

"எங்களை இங்கேருந்து துரத்தத்தான். வந்த அன்னிக்கே 'நம்ம இடம், நம்ம இடம்'னு கத்தினியே. எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

பிரைனியின் காதுகள் சூடாயின. தான் அவளைச் சந்தேகப்பட்டது போலவே அவளும் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள்! அதுவும் நல்ல காரணத்தோடு.

"நான் திறக்கல," என்றாள்.

"நானும் திறக்கல."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப நாளைக்கு விடியும்போது கேட்டுக்குப் பக்கத்துல ஒளிஞ்சிருந்து பார்க்கலாம்," என்றாள் பிரைனி கடைசியில். "ஆனா நீயும் வரணும். உன்னை விட்டுட்டு நான் மட்டும் பார்த்தா, நீ நம்ப மாட்ட."

"நிச்சயமா நம்ப மாட்டேன். நான் மட்டும் பார்த்தா நீ நம்புவியா?"

"மாட்டேன்."

"சரி, அப்ப ரெண்டு பேரும் போவோம்," என்றாள் ஜூனி.

புதன்கிழமை கிழக்கு வெளுக்கும் நேரம் இருவரும் ஆடுகளின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. கேட் மூடியிருந்தது. சங்கிலி கொக்கியில் இருந்தது. பிரைனி பாதிக் கண்ணால் கேட்டைப் பார்த்தாள், பாதிக் கண்ணால் ஜூனியைப் பார்த்தாள். ஜூனியும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

"உனக்குக் கால் குளிராதா?" என்று கிசுகிசுத்தாள் பிரைனி.

"குளிரும்."

"அப்ப ஏன் செருப்பு போடறதில்ல?"

"ஒண்ணு ஆத்துல போயிடுச்சு. இன்னொண்ணை மட்டும் போட்டுக்கிட்டு என்ன பண்றது?"

பிரைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது ஜூனி அவள் தோளை அழுத்தினாள்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து யாரோ நடந்து வந்தார்கள். மெதுவாக. தடக், தடக், தடக்.

பிஷப்!

கிழட்டுக் குதிரை நேராகக் கேட்டருகே வந்தது. தலையைச் சாய்த்துச் சங்கிலியைப் பார்த்தது. பிறகு உதடுகளை நீட்டி, சங்கிலியின் நுனியைக் கவ்வி, மேலே தூக்கி, ஒரு ஆட்டு ஆட்டியது. வளையம் கொக்கியிலிருந்து கழன்றது. பிஷப் கேட்டை நெஞ்சால் தள்ளித் திறந்தது. யாருக்கும் நன்றிகூடச் சொல்லாத பெரிய மனிதரைப் போல மேட்டுப் புல்வெளிக்கு நடந்துபோனது.

இரண்டு பெண்களும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். குட்டிகளும் பார்த்தன. முதல் குட்டி காதை நிமிர்த்தியது.

"ஐயோ, கேட்!" என்று கத்தினாள் ஜூனி.

இருவரும் பாய்ந்து ஓடினார்கள். பிரைனி கைகளை அகல விரித்துத் திறப்பின் நடுவே நின்றாள். நூற்றுக்கணக்கான குட்டிகள் அவளை நோக்கி ஓடி வந்தன. "போ! போ! ஊஹூம்! இன்னிக்குப் பால் கிடையாது!" என்று குதித்துக் குதித்துக் கத்தினாள். ஒரு குட்டி அவள் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. இரண்டாவது புகுவதற்குள் ஜூனி கேட்டை இழுத்துச் சாத்திச் சங்கிலியை மாட்டிவிட்டாள். வளையம் கொழகொழவென்றிருந்தது.

"உவ்வே!" என்றாள் ஜூனி.

"எனக்குத் தெரியும்," என்றாள் பிரைனி மூச்சு வாங்கிக்கொண்டே.

பிஷப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டுப் புல்வெளியின் மறுகோடியில், குவென்டாவின் கொட்டகை வேலிக்கு மேல் தலையை நீட்டி நின்றது. சற்று நேரத்தில் குவென்டா ஓட்ஸ் வாளியோடு வெளியே வந்தார். கொட்டாவி விட்டபடி வாளியை அதன் மூக்குக்குக் கீழே வைத்தார்.

பெண்கள் இருவரும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

"பிஷப்தான்! பிஷப்தான் திறக்குது!" என்றாள் பிரைனி.

"பிஷப்பா?" குவென்டா உரக்கச் சிரித்தார். "அவனுக்கு இருபத்தேழு வயசு. பாதிப் பல்லு இல்ல. அவனாவது கேட்டைத் திறக்கறதாவது!"

"அவன் பள்ளத்துப் புல்வெளியில இருக்கிறவன்தானே? கேட் மூடியிருக்கு. இங்க எப்படி வந்தான்?" என்று கேட்டாள் ஜூனி.

குவென்டா குதிரையைப் பார்த்தார். தூரத்தில் மூடியிருந்த கேட்டைப் பார்த்தார்.

"எத்தனையோ வருஷமா தினமும் காலைல இங்கதான் நிக்கிறான்," என்றார் மெல்ல. "கேட் எப்பவும் திறந்திருக்கும். சாப்பாட்டுக்கு வருவான், சாப்பிட்டதும் பள்ளத்துக்கே திரும்பிப் போயிடுவான். இந்த மூணு நாளாவும் வந்து நின்னான். எப்படி வந்தான்னு எனக்குத் தோணவே இல்லையே!"

அதற்குள் சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். அரைத் தூக்கத்தில் அப்பாவும் அம்மாவும், பைஜாமாவோடு ஆகி, கையில் வேன் சாவியோடு கார்ல். குவென்டா பிஷப்பைப் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டு, சங்கிலியை மாட்டிவிட்டு, இந்தப் பக்கம் நின்று வாளியைக் குலுக்கினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று ஆகி எண்ணினான்.

பதினொன்று என்பதற்குள் கேட் திறந்துவிட்டது. பாய்ந்து வந்த குட்டிகளை நாய்கள் தடுத்து நிறுத்தின. பிஷப் வாளியைத் தேடி வந்தது.

"அடப்பாவி!" என்றார் குவென்டா. பிறகு தொப்பியைக் கழற்றினார். "கார்ல், ஜூனி, நான் உங்களைப் போகச் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு."

கார்ல் தலையசைத்தார்.

குவென்டாவின் நெற்றி சுருங்கியது. "ஆனா பிரைனி, 'ஜூனிதான் திறந்தா, நான் பார்த்தேன்'னு சொன்னியே. நீ என்னத்தைப் பார்த்த?"

எல்லோரும் பிரைனியைப் பார்த்தார்கள். இருட்டாக இருந்தது, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் பக்கத்தில் ஜூனி நின்றிருந்தாள். உறைபனியில், வெறும் காலோடு.

"திறந்ததை நான் பார்க்கல," என்றாள் பிரைனி. குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குச் சிறியதாக வந்தது. அதனால் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். "சங்கிலியில கை வெச்சிருந்ததை மட்டும்தான் பார்த்தேன். திறந்தான்னு நானாச் சேர்த்துச் சொன்னேன். அந்த மரத்தடி எங்களுக்கு வேணும்னு இருந்துச்சு. அவ மேல கோபமா இருந்தேன். ஜூனி, என்னை மன்னிச்சுடு."

பிஷப் ஓட்ஸ் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பிரைனிக்குத் தைரியம் வரவில்லை.

ஜூனி கால் விரலால் உறைபனியைக் கீறினாள்.

"நானும் நீதான் திறந்தேன்னு நினைச்சேன்," என்றாள். "ஆனா அதை யாருகிட்டயும் சொல்லல."

"தெரியும்," என்றாள் பிரைனி.

"எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கு."

"சரி."

"மத்தியானத்துக்குள்ள போயிடும்னு நினைக்கிறேன்."

கார்ல் கையிலிருந்த சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்போ மடிச்ச துணியெல்லாம் வெளிய எடுக்கணுமா? மூணு மணி நேரமா மடிச்சோம்!" என்றார். முதலில் சிரித்தது குவென்டாதான்.

அம்மா மட்டும் பிரைனியைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று ஆகிக்குக்கூடத் தெரியாது. திரும்பி வந்த பிரைனி தன்னுடைய கெட்டியான கம்பளிக் காலுறைகளையும் மாற்று பூட்ஸையும் எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனாள். பூட்ஸ் ஜூனிக்கு ஒரு அளவு சிறியதாக இருந்தது. "விரலை மடக்கிக்கிறேன்," என்றாள் ஜூனி.

குவென்டா கொக்கியைச் சுற்றிக் கம்பி கட்டினார். மறுநாள் காலை பிஷப் கேட்டருகே நின்று கனைத்த கனைப்பில் கொண்டைக்கிளிகள் எல்லாம் மரத்தைவிட்டுப் பறந்தன. கடைசியில் குவென்டாவே வாளியைத் தூக்கிக்கொண்டு புல்வெளியெல்லாம் தாண்டி இறங்கி வர வேண்டியதாயிற்று.

அன்றுதான் வியாழக்கிழமை. கம்பளிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். ஆடுகள் தயாராக இருந்தன. கொட்டகை வாசலில் நின்று உள்ளே போகும் ஆடுகளை எண்ணும் வேலையைக் குவென்டா பிரைனியிடமும் ஜூனியிடமும் கொடுத்தார்.

எல்லா ஆடுகளும் உள்ளே போனதும் வந்து கேட்டார். "எத்தனை?"

"இருநூத்தி ஆறு," என்றாள் பிரைனி.

"இருநூத்தி எட்டு," என்றாள் ஜூனி.

இருவரும் திரும்பி ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

"நீதான் நடுவுல நாயைப் பார்த்துட்டு இருந்த!"

"நீதான் நாயையும் சேர்த்து எண்ணியிருப்ப! ரெண்டு நாயி!"

"மறுபடி வெளிய விடறேன். ஒழுங்கா எண்ணுங்க," என்றார் குவென்டா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கதவு திறந்தது. முதல் ஆடு துள்ளிக் குதித்து வெளியே வந்தது. இந்த முறை இருவரும் ஒன்றாக, பண்ணை முழுவதற்கும் கேட்கிற மாதிரி எண்ணத் தொடங்கினார்கள்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!"